மடுவில் ஓர் இரவு: யாத்திரை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

காலையில் வெளிக்கிட்டு மடு மாதா கோயிலுக்குப் போய், பூசை கண்டு, பின்னேரமே வீடு திரும்பிவிட்டோம் என்று யாராவது சொன்னால் எங்கள் அம்மம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "இரவு நிக்கேல்லையோ?" அவர் கணக்கில் இரவு தங்காத மடுப் பயணம் பயணமே இல்லை. சின்ன வயதில் அதைக் கிழவியின் பிடிவாதம் என்று நினைத்தேன். வவுனியாவிலிருந்து தங்கியும் தங்காமலும் பல தடவை போய்வந்த பிறகு நானும் அம்மம்மா கட்சிதான். ஆகவே இது ஓர் இரவாவது மடுவில் தங்கப்போகிறவர்களுக்காக எழுதியது. ஒரே நாளில் ஓடி வருகிறவர்களுக்கும் பாதி பயன்படும்.

எங்கே போகிறோம்?

மடு என்றால் நீர் தேங்கி நிற்கும் ஆழமான பள்ளம். மருதமரம் நின்ற மடு மருதமடு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் பாதி ஊர்களின் பெயர் குளத்தில் முடியும், இன்னும் சில மடுவில் முடியும். காட்டு வழியில் தண்ணீர் இருந்த இடத்தில்தான் சனம் நின்றது, நின்ற இடம் ஊரானது. இன்று மருதமடு என்பதைப் பூசைப் பாட்டிலும் மன்றாட்டிலும்தான் அதிகம் கேட்கலாம். பேச்சில் வெறும் மடு. கோயில் இலங்கையின் வடக்கே மன்னார் மாவட்டத்தில், மன்னார் மறைமாவட்டத்தின் கீழ் இருக்கிறது.

கதை தொடங்குவது இங்கே இல்லை, மன்னார்ப் பக்கத்து மாந்தையில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன. அதையொட்டிய காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் 700 பேரளவில் வன்னிக் காட்டுக்கு வந்தார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்த இடம் மருதமடு. பிறகு 1687இல் கோவாக் குருவான யோசே வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்து, ஒளித்து ஒளித்து நடந்து, கத்தோலிக்கரைத் திரும்பக் கூட்டினார். இப்போது நாம் பார்க்கும் பெரிய கோயிலின் வேலையை 1872இல் தொடக்கியவர் ஆயர் பொன்ஜீன். 1924 ஜூலை 2ஆம் திகதி மாதாவின் சுருபத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒளிந்து தங்க வந்தவர்கள் உண்டாக்கிய இடம் இது. 1990க்குப் பிறகு போரில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் இதே வளவில் கொட்டில் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். ஐ.நா. அகதிகள் முகவரகம் இங்கே திறந்த நிவாரண மையம் நடத்தியது. 1999 நவம்பர் 20ஆம் திகதி வளவுக்குள் எறிகணைகள் விழுந்து, அடைக்கலம் தேடி வந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுருபத்தையே தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. மாந்தையிலிருந்து வந்த மாதா இரண்டாம் தடவையும் அகதியானாள். பிறகு திரும்பி வந்தாள். இந்த வளவில் பாய் விரித்துப் படுக்கிறவர், தனக்கு முன்னால் அங்கே படுத்தவர்கள் யார் என்று தெரிந்து படுப்பது நல்லது.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

மடுவில் பெரிய திருநாள்கள் இரண்டு. ஒன்று ஜூலை 2, மற்றது ஆகஸ்ட் 15.

ஜூலை 2 பழைய நாட்காட்டிப்படி மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாள். திருச்சபை அதைப் பிறகு மே 31க்கு மாற்றிவிட்டது. மடு மாற்றவில்லை. ஜூன் 23 கொடியேற்றம், அன்றிலிருந்து ஒன்பது நாள் நவநாள், ஜூலை 1 மாலை வேஸ்பர் என்ற மாலைச் செபம், மறுநாள் காலை திருநாள் பூசை.

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கொடியேற்றம் ஆகஸ்ட் 6. நாடு முழுவதும் விடுமுறைக் காலம் என்பதால் நீர்கொழும்பு, சிலாபம், மலையகம் என்று எல்லாப் பக்கமும் இருந்து லட்சக்கணக்கில் சனம் வரும். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் செபம் கேட்கும். அந்தக் கூட்டத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முதல் தடவை போகிறவர், அதுவும் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர், ஆகஸ்ட் 14, 15ஐத் தொடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

சரி, எப்போது போவது? எனக்குப் பிடித்தது நவநாளின் நடுப்பகுதி. ஜூன் 26, 27 போல. கொடி ஏறியிருக்கும், கடைகள் வந்திருக்கும், மாலையில் செபமாலையும் பூசையும் நடக்கும், ஆனால் பாய் விரிக்க மரநிழல் கிடைக்கும். திருநாளே இல்லாத சாதாரண வார நாளில் போனால் வளவு முழுக்க உங்களுடையதுதான். காற்றும் குயிலும் தவிர ஒன்றும் கேட்காது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வெளியில் தங்க அது சரிவராது.

படி 2: தங்க இடம்

கோயில் நிர்வாகத்தின் யாத்திரிகர் வீடுகளும் அறைகளும் வளவைச் சுற்றி இருக்கின்றன. சாதாரண நாளில் பரிபாலகர் அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசிக்கொண்டால் சிரமமில்லை. திருநாளுக்கென்றால் கதை வேறு. மாதக்கணக்குக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும், உங்கள் பங்குத்தந்தை மூலம் கேட்பது இன்னும் நல்லது. வீடு கிடைத்தாலும் அதில் ஹோட்டல் வசதியை எதிர்பார்க்காதீர்கள். நாலு சுவர், ஒரு கூரை, மிச்சம் நீங்கள் கொண்டுபோவதுதான்.

இடம் கிடைக்காதவர்கள் மரங்களுக்குக் கீழே படங்கு (தார்ப்பாய்) கட்டித் தங்குவார்கள். உண்மையில் திருநாளுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி அப்படித்தான். ஒரு வருடம் ஜூலை 1ஆம் திகதி பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் வாடகைக்குப் பிடித்த வான்காரர் மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றரைக்கு வந்ததன் பலன். நிழல் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை, கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். அப்போது அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். இரவு முழுக்க வாளிச் சத்தம், காலடியில் சேறு, தலைமாட்டில் கியூ. திருநாளுக்குப் போவதென்றால் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போங்கள், குழாயிலிருந்து ஐம்பது அடி தள்ளி இடம் பிடியுங்கள்.

படி 3: பாதை

வவுனியாவிலிருந்து: மன்னார் வீதியில் பூவரசன்குளம் தாண்டிப் பறையனாலங்குளம். அங்கே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் ஏ-14 வீதி சந்திக்கும். மன்னார்ப் பக்கம் திரும்பி மடுச் சந்தி, அங்கிருந்து வடக்கே 12 கிலோமீட்டர் அளவு காட்டுவழி.

மன்னாரிலிருந்து: ஏ-14இல் முருங்கன் வழியாக அதே மடுச் சந்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வழி. ஏ-9இல் வவுனியாவுக்கு வந்து திரும்பலாம். அல்லது சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியாக ஏ-32இல் மன்னார்ப் பக்கம் இறங்கி வரலாம். இரண்டாவதில் கடற்காற்றும் வெறும் வெளியும். வழியில் தேவன்பிட்டி வரும். நேரமிருந்தால் இறங்கி, 2008இல் மாதா இருந்த கோயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கொழும்பிலிருந்து: அனுராதபுரம், மதவாச்சி, பிறகு ஏ-14. கோச்சியில் வர விரும்பினால் தலைமன்னார்ப் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்கவேண்டும். போரில் 1990இல் நின்றுபோன இந்தப் பாதை மதவாச்சியிலிருந்து மடு வீதி வரை 2013இலும், தலைமன்னார் வரை 2015இலும் திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் திருத்த வேலை, வெள்ளம் என்று சேவை இடையிடையே நிற்பதுண்டு. வெளிக்கிட முதல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள், இணையத்தில் கிடக்கும் பழைய நேர அட்டவணையை நம்பாதீர்கள். மடு வீதி நிலையம் கோயில் வாசல் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அங்கிருந்து பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்கவேண்டும். திருநாள் காலத்தில் விசேட பஸ்கள் ஓடும். மற்ற நாட்களில் ஓட்டோதான் வசதி, ஏறமுதல் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசி 12 கிலோமீட்டருக்கு ஒரு எச்சரிக்கை: இது யானைக்காடு. பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள். பகல் மூன்று மணிக்குள் வளவுக்குள் நிற்கிற மாதிரித் திட்டமிடுங்கள். நேர்த்தி வைத்து நடந்து போகிறவர்கள் கூட்டமாக, விடியப்புறம் வெளிக்கிட்டு, வெயில் ஏற முதல் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

படி 4: மூட்டை

பட்டியல் போட்டால் நீளும். மறந்தால் உண்மையாகவே கஷ்டப்படுத்தும் சாமான்களை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் முதலாவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையே இருக்காது, சோளகக் காற்று தொண்டையை உலர்த்திவிடும். வளவில் குழாய் இருக்கிறது, குளிக்கவும் கழுவவும் அது போதும். ஆனால் வன்னித் தண்ணீர் கல்லுத் தண்ணீர். தேநீருக்குக் கொதிக்கவைத்த கேத்தலின் உட்புறத்தை இரண்டாம் நாள் பார்த்தால் தெரியும், வெள்ளைப் பொருக்குப் பிடித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். பழக்கமில்லாத வயிற்றுக்கு அது ஒத்துவராது. குடிக்க ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றராவது கையில் கொண்டுபோங்கள்.

இரண்டாவது நுளம்பு வலை. நுளம்புத் திரி போதாதா என்று கேட்பீர்கள். வலை நுளம்புக்கு மட்டும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

படங்கும் கயிறும், பாய், டோர்ச், போனுக்கு பவர் பாங்க். சமைக்கிறதென்றால் சின்ன கேஸ் குக்கர் கொண்டுபோங்கள். காட்டில் விறகு முறிக்கப் போவது சட்டத்துக்கும் ஆகாது, யானைக்கும் ஆகாது. மத்தியானம் சோறும் பருப்பும், இரவுக்குப் பாணும் சம்பலும் என்று சுருக்கமாக வைத்துக்கொண்டால் அடுப்படியிலேயே திருநாள் முடிந்துவிடாது. எங்கள் பெரியம்மா ஒருவர் மூன்று நாளும் பதினைந்து பேருக்குச் சமைத்துப்போட்டுவிட்டு, மாதாவைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார். அது பக்தியா பாவமா என்று வீட்டில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது.

உடுப்பு: தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். ஆண்கள் காற்சட்டையோடு படங்குக்குள் இருக்கலாம், கோயிலுக்குள் சாரமோ நீளக் காற்சட்டையோதான் மரியாதை. மதுபானத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படி 5: போய் இறங்கியதும்

முதலில் மாதாவைப் பார்க்க ஓடாதீர்கள், முதலில் இடம். ஒருவர் சாமானோடு மரத்தடியில் இருக்க, இன்னொருவர் மலசலகூடம், குழாய், மருத்துவ முகாம் எங்கே என்று பார்த்துவரட்டும். திருநாள் காலத்தில் சுகாதாரப் பகுதியினரும் பொலிஸாரும் வளவிலேயே நிற்பார்கள்.

குழந்தைகளின் சட்டைப் பைக்குள் பெற்றோரின் போன் இலக்கத்தை எழுதி வையுங்கள், போனில் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். லட்சம் பேர் கூடினால் சிக்னல் படுத்துவிடும். "தொலைந்தால் கொடிமரத்தடி" என்று ஒரு இடத்தை எல்லோருக்கும் சொல்லிவைப்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளைகளின் பெயர் போய்க்கொண்டேயிருக்கும், அதைக் கேட்டால் இந்தச் சட்டம் ஏன் என்று புரியும்.

படி 6: இரவு

இதற்காகத்தான் வந்தோம்.

பின்னேரம் காற்று மெல்ல அடங்கும். செபமாலை தொடங்கும்போது படங்குகளுக்குள் இருந்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வார்கள். ஒரு மரத்தடியில் "அருள் நிறைந்த மரியே" என்று கேட்கும், அடுத்த மரத்தடியில் அதே செபம் சிங்களத்தில் போகும். பூசை முடிந்து, நற்கருணை ஆசீர் முடிந்து, சனம் சாப்பிடப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் கோயிலுக்குப் போங்கள். உள்ளே போக விடும் நேரம் நாளுக்கு நாள் மாறும், கதவு சாத்தியிருந்தால் முன்வாசலிலேயே இருக்கலாம். பகலில் தள்ளுப்பட்டு அரை நிமிடம் பார்த்த மாதாவை அப்போது நின்று பார்க்கலாம். பீடத்துக்கு மேலே, கையில் பாலனோடு, நினைத்ததைவிடச் சின்னச் சுருபம். முதல் தடவை பார்த்த என் மனைவி கேட்டது, "இவ்வளவுதானா?" காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவு அவ்வளவுதான்.

வாசலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். திரி குனிந்து, உருகி, பக்கத்துத் திரியோடு ஒட்டிக்கொள்ளும். யாரோ ஒரு அம்மா தன்னுடையது அல்லாத திரியையும் நிமிர்த்திவிட்டுப் போவார்.

சரி, வலை விஷயம். வன்னியில் பாம்பு அதிகம். நாகமும் கண்ணாடி விரியனும் கண்ணில் படும். கட்டுவிரியன் அப்படியில்லை, இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது, பலருக்குக் கடிபட்டதே தெரியாது. வலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வராது. சாப்பாட்டு மிச்சத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் போடாதீர்கள், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இருட்டில் மலசலகூடம் போக டோர்ச்சும் செருப்பும் கட்டாயம்.

விடியப்புறம் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தானாகக் கீழே விழுவது, பேச்சுக் குளறுவது என்று யாருக்காவது வந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவ முகாமுக்கு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம்.

படி 7: பூசை, பவனி, நேர்த்தி

திருநாள் பூசை விடியலிலேயே தொடங்கும், ஆயர்கள் சேர்ந்து ஒப்புக்கொடுக்கும் கூட்டுத்திருப்பலி. கோயிலுக்கு முன்னால் உள்ள வெளியில்தான் சனம் நிற்கும். ஐந்து மணிக்கே போய், சூரியன் முதுகுப் பக்கம் வருகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். முகத்தில் வெயில் அடித்தால் ஏழு மணிக்கே தலைசுற்றும். பூசைக்குப் பிறகு சுருபப் பவனியும் சுருப ஆசீரும். சுருபம் வரும்போது முன்னால் போய் நெருக்காமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தாராளமாக வரலாம், வருகிறார்கள். எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறவரே ஜூலையில் மடுவுக்கும் நேர்த்தி வைப்பார். நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது, அந்த நேரத்தில் இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். அன்று காலைதான் கொழும்பு காலிமுகத்திடலில் யோசே வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்திருந்தார். ஒளித்து நடந்த குருவைப் புனிதராக்கிய கையோடு, ஒளித்து வைத்த மாதாவிடம் வந்தார் என்று எங்கள் அம்மம்மா அதைச் சொல்வார்.

படி 8: மடு மண்

மடு மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவது பழைய வழக்கம். பாம்புக்கடிக்கும் நோய்க்கும் காவல் என்ற நம்பிக்கை. சின்னப் பொட்டலமாகக் கட்டி, எங்கள் வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருப்பார்கள். அம்மம்மாவுக்கும் அந்த மண்ணில் முழு நம்பிக்கை. ஆனாலும் தாத்தாவின் காலில் வயலில் பாம்பு கடித்தபோது, மண்ணைப் பூசிக்கொண்டே ட்ராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரும் அவர்தான். அந்த ஒழுங்கில் செய்யுங்கள், ட்ராக்டரை மறக்காதீர்கள்.

படி 9: திரும்பும்போது

திருநாள் பூசை முடிந்த உடனே வெளிக்கிட்டால் மடுச் சந்தி வரை வாகன வரிசை. மத்தியானச் சாப்பாட்டை முடித்து, படங்கைக் கழற்றி, குப்பையைக் கட்டி, வெயில் தணிய வெளிக்கிடுங்கள், ஆனால் இருட்ட முதல் ஏ-14இல் ஏறிவிடுங்கள். மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் முருங்கனுக்குப் பக்கத்தில் கட்டுக்கரைக்குளத்தில் நின்று காற்று வாங்கலாம். இன்னும் நேரமிருந்தால் மாந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள், மாதா புறப்பட்ட இடம் அது. திருக்கேதீச்சரமும் அந்தப் பக்கம்தான்.

ஜூலையில் போகிறவர்கள் வழியில் பாலைப்பழம் விற்றால் விடாதீர்கள். மஞ்சள் மஞ்சளாக, ஒரு பேணி அளந்து தருவார்கள், தேன் மாதிரி இருக்கும். அதிகம் தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் வாயைத் திறக்கமுடியாமல் சிரிப்பார்கள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் விட்டுவிடும். ஆகவே எண்ணெய்ப் போத்தலை மூட்டையின் அடியில் வைத்துக் கட்டிவிடாதீர்கள்.